நாலு அடிதான் நெசம்

"காலையில எந்திரிச்சதும் உங்க புள்ளை என்னம்மா பண்ணுவா?"

கேட்டது தேவயானி. ஆனால் அவளுடைய வழக்கமான குரலில் கேட்கவில்லை. தொண்டையைக் கட்டையாக்கி, இல்லாத மூக்குக்கண்ணாடியை விரலால் ஒருதரம் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டாள். கீழப்பழுவூரில் பஸ் ஏறியதிலிருந்து அவள்தான் டாக்டர்.

"பல்லு வெளக்குவா" என்றாள் ஷாலினி மேரி.

"தானாவா?"

"தானாத்தான். பிரஷ்ஷ மட்டும் நான் புடிச்சுக்குவேன்."

"நீங்க புடிச்சுக்கிட்டா அது எப்படிம்மா தானா?"

"வாய அவதானேக்கா தெறக்குறா."

முன்சீட்டில் மடி நிறைய முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த பாப்பாத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அரியலூர் மார்க்கெட்டுக்குப் போகிறவள். இவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, காது இருக்கிறதே. "டாக்டர் கேட்டா டாக்டர்னு கூப்புடு பொண்ணு. அக்கான்னு சொன்னியன்னா எந்திரிச்சு வெளிய போன்னுரப் போறாங்க" என்றாள்.

ஷாலினி மேரிக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு. முப்பத்திரண்டு வயது. புருஷன் டேவிட்ராஜ் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. ஜன்னலோரத்தில் அவளுடைய மகள் அடைக்கலமேரி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. பிறந்தபோதே மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளை. கையும் காலும் அவள் சொன்னபடி கேட்காது. நிற்க வைத்தால் கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும், விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். ஆனால் வருகிற சொல் சரியான இடத்தில் வந்து உட்காரும். அவள் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வெளியே, காது உள்ளே என்பது தேவயானிக்குத் தெரியும். அதனால்தான் அவள் முடிந்தவரை குரலைத் தாழ்த்தி டாக்டராக இருந்தாள்.

"இங்க பாரு மேரி. அந்த ரூம்ல ஆயிரம் கேப்பாங்க. நமக்கு மூணே மூணுதான். சாப்பாடு, துணி உடுத்துறது, பாத்ரூம். மூணுலயும் 'இன்னொருத்தர் உதவி வேணும்'னு எழுதினாத்தான் பள்ளிக்கூடத்துல ஒரு ஆயாம்மா போடுவாங்க. ரெண்டு எழுதி ஒண்ணு விட்டுப்போச்சுன்னாலும் கெடையாது. தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"அப்ப சொல்லு. சாப்பாடு?"

"சாப்புடுவா…"

"மேரி!"

"சிந்தும்" என்றாள் ஷாலினி மேரி, ஜன்னல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு. "கொஞ்சமாத்தான் சிந்தும்."

தேவயானியின் வலது கால் பஸ் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. நாற்பத்தொன்பது வயது அவளுக்கு, இரண்டு வருஷமாக வந்திருக்கிற பழக்கம். வீட்டில் உலை கொதிக்கும்போதும் தட்டும், ஆபீஸ் வராண்டாவில் காத்திருக்கும்போதும் தட்டும். அவளுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது, சம்பளமும் கிடையாது. கை கால் சரியில்லாத ஒரு மகனை வளர்த்து ஆளாக்கிய இருபது வருஷத்தில், எந்த ஜன்னலில் எந்த மனுவைக் கொடுப்பது, எந்தக் கையெழுத்துக்குப் பின்னால் எந்த முத்திரை என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. அவளைப்போலப் பிள்ளை வைத்திருக்கிற பதினோரு தாய்மார் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். யாரை எந்த ஆபீஸுக்குக் கூப்பிட்டாலும் ஒரு துணிப்பையில் நாலு நாலு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு கூடவே போவாள். சண்டை போடுவதில்லை. நாற்காலி கொடுக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருப்பாள், அவ்வளவுதான்.

ஷாலினி மேரியின் கதை குரூப்பில் ஆவணியில் வந்தது. பிள்ளை வகுப்பிலேயே உட்கார்ந்த இடத்தில் ஒன்றுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் இருந்ததுகள் சிரித்திருக்கின்றன. இரண்டு வகுப்புக்கு ஒரே டீச்சர். தலைமையாசிரியை பொல்லாத மனுஷி இல்லை. தாயைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேசினார். "நான் என்னம்மா பண்ணட்டும்? ஆள் வேணும்னு எழுதிப் போட்டேன். போன வருஷ மருத்துவ முகாம் பேப்பர எடுத்துக் காட்டுறாங்க. மூணுக்கும் 'தானே செய்வார்'னு இருக்கு. தானா செய்யுற புள்ளைக்கு எந்தக் கணக்குல ஆள் கேப்பேன்? நீங்க வீட்லயே வச்சுக்கிட்டீங்கன்னா வியாழக்கிழமை வியாழக்கிழமை ஒரு டீச்சர் வந்து சொல்லிக் கொடுப்பாங்க. பேரும் இங்கயேதான் இருக்கும்" என்றார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது? ஷாலினி மேரி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

தேவயானி அந்த வீட்டுக்கு முதல்தரம் போனபோது காலை ஒன்பதரை மணி. பள்ளிக்கூடம் அடுத்த தெரு. ஆஜர் கூப்பிடுவது வீட்டுக்குக் கேட்கிறது. கட்டிலில் சாய்ந்திருந்த பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பேருக்கும் இன்னொரு பேருக்கும் நடுவே, தன் பேரைக் கூப்பிடாமல் தாண்டிப்போகிற அந்த இடைவெளியில், "உள்ளேன் டீச்சர்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அங்கே நாலு பேர் தாண்டிவிட்டது. தேவயானி கையிலிருந்த காபியைக் குடிக்கவில்லை. அப்படியே கீழே வைத்துவிட்டு, "அந்த முகாம் பேப்பர எடு பாப்போம்" என்றாள்.

அதைத் திருத்தி எழுதத்தான் இன்றைக்கு அரியலூர். இன்றைக்கு விட்டால் அடுத்த முகாம் அடுத்த வருஷம். அதற்குள் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பும் பாதி போய்விடும், வீட்டுக் கட்டிலில்.

பஸ் நின்றுவிட்டது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒன்றா இரண்டா, கண்ணுக்கு எட்டியவரை பின்பக்கம் தார்ப்பாய் கட்டிய லாரிகளாக நின்றன. வெள்ளைத் தூசி ஜன்னல் வழியாக வந்து எல்லார் மடியிலும் உட்கார்ந்தது. "எறங்கி நடக்குறவங்க நடக்கலாம், நானும் கூட வரேன்" என்றார் கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை. தேவயானி போனில் மணி பார்த்தாள். ஒன்பது நாற்பது. டோக்கன் பத்து மணிக்குக் கொடுப்பார்கள். டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

"துணி?" என்றாள், டாக்டர் குரலை விட்டுவிட்டு.

ஷாலினி மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாத்ரூமாச்சும் சொல்லு. 'எம்புள்ளையால தனியா போவ முடியாது டாக்டர்.' இவ்வளவுதான். ஒருதரம் சொல்லிப் பழகிட்டா வாயில வந்துரும்."

"என்னால முடியலக்கா."

"ஏன் முடியல? நெசத்தத்தானே சொல்லச் சொல்றேன்?"

"நான் சாட்சி சொல்லியிருக்கேன்க்கா."

தேவயானிக்கு முதலில் புரியவில்லை. கோர்ட்டா, கேஸா என்று பார்த்தாள். ஷாலினி மேரி சேலைத் தலைப்பால் மடித் தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னாள். போன வருஷம் அவர்கள் ஊர் மாதா கெபியில், குகைபோலக் கட்டின அந்தச் சின்னக் கோயிலில், ஒன்பது நாள் நவநாள் இருந்தாளாம். ஏழாம் நாள் சாயங்காலம் பிள்ளை கெபிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கம்பியை விட்டுவிட்டு நாலு அடி எடுத்து வைத்திருக்கிறாள். எல்லாரும் பார்த்தார்கள். கடைசி நாள் ஜெபக்கூட்டத்தில், நன்மை பெற்றவர்கள் வந்து சாட்சி சொல்லலாம் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மாமியார் மதலேனம்மாள் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். போய் மைக்கைப் பிடித்தாள்.

"நாலு அடி நெசம்க்கா. மைக்கப் புடிச்சதும் எனக்கு என்னமோ ஆயிருச்சு. எதுத்தாப்ல அம்புட்டு சனம். நடக்குறா, சாப்புடுறா, தானே போறா, தானே வரா, எல்லாம் மாதா குடுத்ததுன்னு சொல்லிட்டேன். அழுதுட்டேன். அவங்களும் அழுதாங்க. அத்தை அதை போன்ல புடிச்சு வரதராசன்பேட்டையில இருக்குற அவங்க சனம் எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. மூணாவது வாரம் முகாம். எனக்குப் பின்னாடி வரிசையில எங்க ஊரு பொம்பளைங்க நாலு பேரு நிக்கிறாங்க. டாக்டர் கேக்குறாங்க, தானே சாப்பிடுவாளான்னு. நான் என்னன்னு சொல்றது?"

"சாப்புடுவான்னு சொன்ன."

"ஆமா."

பாப்பாத்தி முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். முருங்கைக்காய்க் கட்டு இடித்ததைப் பார்க்கவில்லை. "ஏன் பொண்ணு, உன் வூட்டுச் சேதி மாதாவுக்குத் தெரியாதா? மைக்ல சொன்னாத்தான் தெரியுமா?"

"மாதாவுக்குத் தெரியும்ங்க. ஊருக்குத்தான் தெரியாது."

"ஊரு என்னா, உன் புள்ளையத் தூக்கிட்டுப் போயி ஒக்கார வைக்குமா?"

"அது இல்லங்க." ஷாலினி மேரி குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். பாப்பாத்திக்கு இல்லை, தேவயானிக்கு மட்டும் சொன்னாள். "சொன்ன சாட்சிய நானே திருப்பி எடுத்துக்கிட்டேன்னு வைங்க. குடுத்த நாலு அடியும் திரும்பிப் போயிருச்சுன்னா?"

இதற்குத் தேவயானியிடம் ஜெராக்ஸ் இல்லை. ஆபீஸ் எதுவானாலும் அவளுக்குப் பதில் தெரியும். இந்த ஜன்னல் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. லாரிகள் ஒவ்வொன்றாக உறுமி நகர்ந்தன. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியதில் அடைக்கலமேரியின் தலை கம்பியில் இடித்தது. தாய் கையை வைத்துத் தேய்த்துவிட்டாள். பிள்ளை "வலிக்கல" என்றாள்.

கொஞ்ச தூரம் போனபிறகு ஷாலினி மேரி கேட்டாள். "அக்கா, நீங்க உங்க புள்ளைய வச்சுக்கிட்டே இதெல்லாம் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவரு என்ன பண்ணாரு?"

"சின்னப் புள்ள. அதுக்கு என்ன தெரியும்?"

அது பொய். அவள் மகன் ராஜராஜன் இப்போது அரியலூரில் ஓர் இ-சேவைக் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறான், ஒரே கையால் தட்டுகிறான், கடைக்காரர் மெச்சுகிற வேகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய மாற்றுத்திறனாளி அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "இந்தத் தடவை நானே சொல்லிக்கிறேம்மா. நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆறு வயசுல நீ டாக்டர்கிட்ட சொன்னது, ஒன்பது வயசுல சொன்னது, எந்த வரிசையில சொன்னன்னு கூடச் சொல்லட்டுமா?" விரலை மடக்கி, இவள் குரலிலேயே சொன்னான். சட்டை போட முடியாதுங்க, சோறு பிசைய முடியாதுங்க, கால் கழுவ முடியாதுங்க. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்துதான் கால் தட்டுகிறது என்று யாராவது சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்தது. டோக்கன் நாற்பத்தொன்று. பெஞ்சு நிறைந்து தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பன் தோளில் தூங்குகிற பிள்ளை, காதில் மிஷின் மாட்டிக்கொண்டு அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிற பிள்ளை, யாரையும் பார்க்காமல் சுவரோடு சுவராக ஆடிக்கொண்டிருக்கிற பையன். உள்ளே ஒரு அறை. அதற்கு ஒரு பச்சைத் திரை. திரை ஒவ்வொரு தரம் விலகும்போதும் கூடத்தில் இருக்கிற எல்லாத் தலையும் திரும்பியது. பதினொன்றரைக்கு இருபத்திரண்டாம் நம்பர். பன்னிரண்டுக்கு இருபத்தெட்டு. தேவயானி கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். வரவில்லை. ஒரு மணிக்கு நாற்பது தாண்டாது. எழுந்துபோய்த் திரைக்கு வெளியே நின்ற ஆளிடம், "தூரத்து ஊருங்க" என்றாள். "எல்லாரும் தூரம்தாம்மா" என்றார் அவர். நியாயம்தான். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

போன் அடித்தது. ராஜராஜன். "அம்மா, முடிஞ்சுதா?"

"இன்னும் கூப்புடல."

"பழைய பேப்பர் காப்பி வச்சிருக்கியா? நான் நேத்து எடுத்துக் குடுத்தது?"

"நாலு இருக்கு." பச்சைத் திரையை ஒருதரம் பார்த்துவிட்டு, "ராஜா…" என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல. சாப்ட்டியா?"

"மணி பன்னண்டுதாம்மா ஆவுது" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஷாலினி மேரி தண்ணீர் பிடிக்கப் போனாள். பிள்ளை தேவயானியின் முழங்கையை மடங்கின விரலால் தொட்டாள்.

"பெரியம்மா."

"என்னடா?"

"உள்ள… டாக்டர் கேப்பாங்கள்ல."

"ஆமா."

"நான்… நல்லா செஞ்சு காட்டுனா… பள்ளிக்கூடத்துக்கு விட்ருவாங்களா?"

தேவயானியின் கால் நின்றது. பரீட்சை என்றால் நன்றாக எழுதினால்தானே பாஸ்? இந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது, இந்தப் பரீட்சையில் எவ்வளவு முடியாதோ அவ்வளவு மார்க் என்று? பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்தாளே, அதிலிருந்து எதை எடுத்து எதோடு சேர்த்தாளோ. பிள்ளையின் நெற்றியில் வியர்வை. உதடு இறுகி இருந்தது. தயாராகிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் கேக்குறதுக்கு அம்மா சொல்லுவாங்க. நீ சும்மா இருந்தா போதும்" என்றாள் தேவயானி.

சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள். இடையில் சிலர் பிள்ளை அழுகிறதென்று போய்விட்டிருந்தார்கள். உள்ளே டாக்டர் அனுசுயா, வெள்ளைக் கோட்டு, பொத்தான் போடாமல் திறந்திருந்தது, கண்ணுக்குக் கீழே அசதி. பக்கத்தில் படிவத்தை நிரப்புகிற ஒரு டீச்சர். "பெத்தவங்க மட்டும் உள்ள வாங்க. நீங்க யாரு?" என்று கேட்டார் டீச்சர். "சங்கம்" என்றாள் தேவயானி, வாட்ஸ்அப் குரூப்பை நினைத்துக்கொண்டு. "வாசல்ல நில்லுங்க, பரவால்ல. பேசக் கூடாது." தேவயானி திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பழைய பேப்பரைப் பார்த்தார். புது மனுவைப் பார்த்தார். "போன வருஷம் எல்லாம் தானே செய்வான்னு சொல்லியிருக்கீங்க. கையெழுத்து உங்களதுதானே?"

"ஆமாங்க."

"இப்ப என்ன ஆச்சு? உடம்பு ஏதும் மோசமாச்சா?"

"இல்லங்க."

"அப்புறம்? ஒண்ணொண்ணா கேக்குறேன். கழிப்பறைக்குத் தனியாப் போவாளா?"

ஷாலினி மேரி வாயைத் திறந்தாள். தேவயானி வாசலில் நின்று தன் வாயையும் திறந்தாள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் தானும் வாயைத் திறப்பாளே, அப்படி. ஒன்றும் வரவில்லை. மேலே ஃபேன் சத்தம். டாக்டர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

"போவேன்" என்றாள் அடைக்கலமேரி.

டாக்டர் பேனாவை எடுத்தார். "தனியா?"

"தனியா… போவேன். இப்பவே… போறேன்."

யாரும் பிடிப்பதற்குள் நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கிவிட்டாள். மேஜை விளிம்பைப் பிடித்தாள். அதை விட்டு டீச்சரின் நாற்காலி முதுகைப் பிடித்தாள். அதையும் விட்டாள். ஒன்று. இரண்டு. கால்கள் பின்னப் பார்த்தன, பிரித்து வைத்தாள். மூன்று. அறையின் பின்பக்கம் கழிப்பறைக் கதவு. கதவுக்கு முன்னால் ஒரு படி. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. நான்காவது அடியில் படிக்கு முன்னால் போய் நின்றாள். சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, குனிந்து அந்தப் படியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு காலைத் தூக்கினாள். கால் மேலே போகாமல் பக்கவாட்டில் போனது. இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"முடியாதுங்க" என்றாள் ஷாலினி மேரி.

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவளால முடியாதுங்க டாக்டரம்மா. படி ஏற முடியாது. ஒக்கார முடியாது, ஒக்காந்தா எந்திரிக்க முடியாது. நான்தான் தூக்கிட்டுப் போறேன். நான்தான் கழுவி விடுறேன். போன வருஷமும் நான்தான். எப்பவும் நான்தான்."

பிள்ளை சுவரைப் பிடித்தபடியே திரும்பினாள். "சாட்சி… சொன்னியேம்மா."

"சொன்னேன்டி. நாலு அடிதான்டி நெசம். மீதி நானாச் சொன்னது."

சாட்சி என்பது என்னவென்று டாக்டருக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டியது மட்டும் விளங்கியிருக்க வேண்டும், டீச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். டீச்சர் எழுதினார். ஷாலினி மேரி போய்ப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை, கால் தாயின் முழங்கால் வரை தொங்கியது. நாற்காலியில் உட்கார வைத்ததும் டாக்டர், "சாப்பாடு?" என்றார்.

"ஊட்டணும்ங்க. அவ சாப்ட்டா தட்டுல பாதி, தரையில பாதி. தண்ணி டம்ளர் புடிக்க முடியாது." இப்போது தடங்கல் இல்லாமல் வந்தது. அடைத்திருந்த மடையைத் திறந்துவிட்டமாதிரி வந்தது. பஸ்ஸில் கெஞ்சி வாங்க முடியாததையெல்லாம் கேட்காமலே கொட்டினாள். "ராத்திரி புரண்டு படுக்க முடியாது. பென்சில் ரெண்டு வரிக்கு மேல நிக்காது. தலை சீவிக்க…" டீச்சரின் பேனா பின்னாலேயே ஓடியது. தேவயானி வாசலில் நின்று கேட்டாள். அந்த வரிசை அவளுக்குத் தெரிந்த வரிசை. பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கண் சிமிட்டலாகக் கேட்டுக்கொண்டிருந்தது, எண்ணி வைக்கிறமாதிரி.

"துணி?" என்றார் டாக்டர். "இதான் கடைசி."

"நான்தான் போட்டு விடணும்."

"பொத்தான்… போடுவேன்."

எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். ஷாலினி மேரியும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, அவளுக்கு நிஜமாகவே தெரியாது. "ஏய், நீ எப்படி போட்ட? உனக்குப் பொத்தான் வச்ச கவுனே கெடையாதே. எல்லாம் முதுகுல ஜிப்புதானே?"

"அப்பா சட்டையில." பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ வயலுக்குப் போனப்ப. அப்பா சட்டை… கட்டில்ல கெடக்கும்ல. தெனமும்."

"எத்தன போடுவ?" என்றார் டாக்டர்.

"மொத நாளு… ஒண்ணும் இல்ல. இப்ப… ஒண்ணு. ஒண்ணு போடுவேன்."

நாலு மாசம் கட்டிலில் கிடந்தவள் கற்றுக்கொண்ட பாடம். எந்த வியாழக்கிழமை டீச்சரும் சொல்லிக்கொடுக்காத பாடம். தேவயானிக்கு உள்ளே போய் அந்தப் பிள்ளையின் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. அடி பெண்ணே, சும்மா இரு என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. மூன்றில் இரண்டு ஏறிவிட்டது. மூன்றாவதுதான் ஆயாம்மா, மூன்றாவதுதான் பள்ளிக்கூடம். பொத்த நினைத்த கையைத் திரைத்துணியில் சுருட்டிக்கொண்டாள்.

"மேடம், மணி ஒண்ணாயிருச்சு" என்றார் டீச்சர், பேனாவைப் படிவத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு. "எதப் போடட்டும்?"

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். அறையில் பொத்தான் வைத்த சட்டை வேறு யாரிடமும் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்கால் பிள்ளையின் முழங்காலைத் தொடுகிறமாதிரி உட்கார்ந்து, குனிந்து, வெள்ளைக் கோட்டின் இரண்டு ஓரத்தையும் பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "போடு பாப்பா" என்றார்.

அடைக்கலமேரி முதலில் இடது கையை மேலே கொண்டுவந்தாள். மடங்கின விரல்களைக் கோட்டின் ஓரத்தில் கொக்கிபோல மாட்டினாள். வலது கை பாதி வழியில் எங்கோ போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. பொத்தானைப் பிடித்தாள். நழுவியது. பிடித்தாள். நாக்கின் நுனி உதட்டோரத்தில் வந்து நின்றது. வெளியே கூடத்தில் யாரோ நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்குப் பின்னால் ஷாலினி மேரி இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. மாதாவிடம் எந்தப் பக்கம் கேட்பதென்று தெரியாமல் வெறுமே அசைந்தது. டாக்டர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு குனிந்திருந்தார், கோட்டு ஆடிவிடக் கூடாதென்று. பொத்தானின் ஓரம் துளைக்குள் போனது. பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது. அதன்மேல் பிள்ளையின் கட்டைவிரல் நடுங்கிக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தது.